சோர்ஸுக்கும் லோடுக்கும் நடுவில்

அன்பு வைதேகிக்கு,

எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. நீ இருந்தபோதே உன்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள், இப்போது ஊரே படிக்கத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. திருவெறும்பூர் பக்கம், ஆன்டெனா செய்யும் சின்னக் கம்பெனி. சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து ஓட்டிப் பார்க்கும், காலேஜில் நாம் சேர்ந்து செய்த அதே சிமுலேஷன் வேலைதான். முசிறியிலிருந்து பஸ் மாறிப் போகிறேன். எங்கள் வீட்டில் கழுத்தில் கார்டு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற முதல் ஆள் நான். அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பதறிக்கொண்டு வந்தாள். சிக்னல் கிளம்பும் சோர்ஸில் இரண்டு வோல்ட் வைத்தால், அது போய்ச் சேரும் லோடில் ஒன்றுதான் காட்டுகிறதாம். ஃபைனல் இயரில் நானும் இப்படித்தான் சரியான சர்க்யூட்டைத் தப்பென்று கலைத்துக் கலைத்துப் போட்டேன். நீ சிரிக்காமல் சொன்னாய்: "கலைக்காதேடி, சரியாத்தான் இருக்கு. லோடுல இருக்கற மாதிரியே சோர்ஸுக்குள்ளயும் ஐம்பது ஓம் இருக்கே. பாதி அங்கேயே போயிடும்."

அவளிடம் அதையே சொன்னேன். சொல்லிவிட்டு வராந்தாவில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வெறும் காய்ச்சல் என்றுதானே லீவு போட்டாய்? திரும்பி வரவே இல்லையே. உனக்குள்ளே என்ன கரைந்துகொண்டிருந்தது, வைதேகி?

பொருந்தாத லோடுக்கு அனுப்பினால் சிக்னலில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும். அதற்காக இரண்டு பக்கத்திலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நடுவில் ஒரு கம்பிச் சுருளும் ஒரு கெப்பாசிட்டரும் சரியான அளவில் வைத்தால் போதும். ஸ்ரீரங்கத்தில் உங்கள் வீட்டுக்கும் எனக்கும் நடுவில் நீ இருந்தாய். வாசலிலேயே தயங்கி நின்றவளைக் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துப் போவாய். மாமி என்று நான் கூப்பிடும் உன் அம்மா கேட்பதை எனக்கும், நான் முனகுவதை மாமிக்கும் நீயே எடுத்துச் சொல்வாய். இப்போது நடுவில் யாரும் இல்லை.

நேற்று மாமி போன் செய்தார்கள். "தினம் முசிறியிலேர்ந்து என்னத்துக்கு அலையறே? அவ ரூம் பூட்டியே கிடக்கு. வந்து இருந்துக்கோ."

லைனில் இருக்கிறேனா என்று மறுபடி மறுபடி கேட்டார்கள்.

அப்பாவுக்குத் தயக்கம். "அவங்க வீட்டுப் பழக்கம் வேற, நம்ம பழக்கம் வேறம்மா. உனக்கும் சங்கடம், அவங்களுக்கும் சங்கடம்" என்கிறார். என் பயம் வேறு. காலையில் உன் அறையிலிருந்து நான் வெளியே வந்தால் மாமிக்கு அது ஆறுதலா, ரணமா? ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

முனையில் எதுவுமே இல்லாத கம்பியில் அனுப்பியதெல்லாம் முழுதாகத் திரும்பிவிடும் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதமும் அப்படித்தான். இருந்தாலும் அனுப்புகிறேன்.

அங்கே போனால் உன் மேசையில் எதையும் நகர்த்த மாட்டேன். மாமி கேட்பதற்கெல்லாம் வாய் திறந்து பதில் சொல்வேன். சத்தியம். ஆனால் மாமி கூப்பிட்டது மட்டும் எனக்குப் போதவில்லை. உன்னிடமும் கேட்க வேண்டும்.

உன் கட்டிலில் நான் படுத்துக்கொள்ளட்டுமா?

என்றும் உன் கூடப் பிறக்காத சகோதரி,
தமிழ்ச்செல்வி