யாருடைய சட்டத்தரணி?

14 மார்ச் 2023
இன்றும் தள்ளிப்போட்டார்கள். அரச சட்டத்தரணி வரவில்லை. வேறொரு மாவட்டத்திலும் அவருக்கு வழக்காம். நீதிபதி இருந்தார், றிஷாத் இருந்தான், அவனுடைய சட்டத்தரணியும் இருந்தார். என் மாப்பிள்ளையை, என் மகளின் வாப்பா ரவூபை, அவன் வேலிச் சண்டையில் அடித்துக் கொன்றான் என்று எடுத்துச் சொல்ல வேண்டியவர் மட்டும் இல்லை.

பிணையில் வந்தவன், திரும்பும்போது நாலந்தா பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்தான். இறங்குவதா, இருப்பதா? இருந்தேன்.

22 மார்ச்
மகள் நிஹ்லா சொன்னாள் என்று, நாங்களே ஒருவரை வைப்போம் என மாத்தளையில் ஆறுமுகநாதன் சட்டத்தரணியிடம் போனோம். "கொலை வழக்க நீங்க நடத்த ஏலாது. அரசாங்கம்தான் நடத்தும். நான் வந்தா பக்கத்துல இருந்து பாக்கலாம், அவ்வளவுதான்" என்றார்.

மௌத்தானது என் மாப்பிள்ளை. வழக்கு அரசாங்கத்துடையது. அப்ப நான் யாரு?

"நீங்க சாட்சி" என்றார்.

2 நவம்பர்
பழைய அரச சட்டத்தரணி இடமாற்றமாம். புதியவர் இன்னும் நியமனமாகவில்லை. திரும்பவும் தவணை போட்டுத் தள்ளினார்கள்.

19 ஜூன் 2024
புதியவர் வந்தார். வழக்குக் கோப்பை இப்போதுதான் கண்டாராம், படிக்க நாள் கேட்டார். கோபப்படவும் தெரியவில்லை. படிக்காமல் பேசு என்றா சொல்வது?

11 பெப்ரவரி 2025
அவரும் போய்விட்டார். இப்போது ஒரு பெண், சிவதர்ஷினி. என்னை உட்காரவைத்து, தமிழிலேயே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மெதுவாக: "மற்றச் சாட்சி பஸ்லி கட்டாரில. இனி வரமாட்டன் எண்டுட்டார். கொலை எண்டு நிரூபிக்கிறது கஷ்டம் அம்மா. ஆத்திரத்தில அடிச்சு நடந்த மரணம் எண்டு குறைச்சால் றிஷாத் குற்றத்தை ஒப்புக்கொள்ளுவாராம். வருஷக்கணக்கா மறியலில இருக்கத்தான் வேணும். நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. "மகள்ட்டயும் கேட்டுட்டுச் சொல்றன் மிஸ்" என்றேன்.

13 பெப்ரவரி
"குறைக்கிறதா? வாப்பாட உசிரு என்ன குறைஞ்ச உசிரா?" என்று நிஹ்லா அழுகிறாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இவரும் மாறிப் போய்விட்டால்? அடுத்தவர் எப்போது வருவார்? இப்படிப் பயந்து சம்மதித்தால் அது சம்மதமா? யா அல்லாஹ், ஒண்டும் வெளங்குதில்ல.

18 பெப்ரவரி
சிவதர்ஷினிக்கு போனில் கோல் எடுத்தேன். "சரி மிஸ். ஆனா அவன் தலைய ஆட்டினாப் போதாது. எல்லாருக்கும் கேக்க வாயால சொல்லணும்."

"சொல்ல வைக்கிறன் அம்மா."

நிஹ்லா தன் பாயை எடுத்து அடுத்த அறையில் போட்டுக்கொண்டாள்.

20 மே
குற்றத்தை வாசித்தார்கள். றிஷாத்தின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சிவதர்ஷினி எழுந்து, "கேட்கவில்லை" என்றார். "குற்றவாளி" என்றான், இந்த முறை கதவடி வரைக்கும் கேட்க. பத்து வருடம். அவனுடைய உம்மா பெஞ்சில் சரிந்துவிட்டார். நிஹ்லா என் கையைப் பிடித்தாள்.

சந்தோஷமா? தெரியவில்லை. சிவதர்ஷினிக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் அதற்குள் அடுத்த வழக்குக்கு எழுந்து நின்றார்.

1 ஜூன்
நிஹ்லாவைப் பெண் பார்க்க வரலாமா என்று பலாபத்வலயிலிருந்து கேட்டிருக்கிறார்கள். வழக்கம்போல 'கேஸ் முடியட்டும்' என்று வாய்வரை வந்துவிட்டது.

அதை விழுங்கிவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க" என்றேன்.