இடது பக்கத்து நாற்காலி

இல்லை அம்மா, ஆறவில்லை. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. ஷீபாக்கா மேல் எனக்கிருந்த பொறாமை அப்படியேதான் இருக்கிறது. இன்று காலை பாறசாலையில் பேருந்து ஏறியதும் அந்தப் பவுடர் மணம் வந்தது. படுக்கைப்புண் வராமலிருக்க உன் முதுகில் தட்டிய பவுடர். முன் இருக்கையில் அவள்தான்.

உனக்குப் பக்கவாதம் வந்தபோது செங்கல் என்ற ஊரிலிருந்து தினமும் வந்த ஹோம் நர்ஸ். கண்ணில் குறையில்லை, ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே உன் மூளை மறந்துவிட்டது என்றார்கள் டாக்டர்கள். தட்டில் வலது பாதியை மட்டும் தின்றாய்.

முதல் நாளே அவள் கட்டிலின் வலது பக்கத்தை எடுத்துக்கொண்டாள். எனக்கு இடது பக்கம் ஒரு நாற்காலி.

"நீ அங்க இருந்து பேசு மக்கா. அம்மை திரும்பிப் பழகட்டு."

நான் நம்பவில்லை. நல்ல இடத்தை எடுத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம். வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், வந்தபின் ஒரு மணி நேரம். நான் உன் காதோரம் பேசிக்கொண்டிருப்பேன். நீ அவளைப் பார்த்துக்கொண்டிருப்பாய். கன்னத்துக்குள் சோற்றை அடக்கி வைத்தால் அவள் கேலி செய்வாள்.

"அந்தக் கவுளுக்குள்ள என்னத்தயாக்கும் ஒளிச்சு வச்சிருக்கு? கலியாண வீட்டுக்குக் கொண்டுபோவவா? முழுங்கும் அம்மே!"

பாதி முகத்தால் சிரித்தாய். அந்தப் பாதி அவள் பக்கம் இருந்தது. எனக்குக் கிடைத்தது அசையாத மறு பாதி. ஒருநாள் அவளை "மக்கா" என்று கூப்பிட்டாய். என்னைக் கூப்பிடுகிற சொல்.

பிறகு ஒரு மாலை அவள் வாசலுக்கே ஓடிவந்தாள்.

"மக்கா, அம்மை இன்னைக்கு இடது பக்கம் திரும்பியாச்சு! தானாட்டு!"

நான் இல்லாத நேரத்தில் என் நாற்காலியில் இவள் இருந்திருக்கிறாள். இவளுக்காகத் திரும்பியிருக்கிறாய். அப்படித்தான் எனக்குப் பட்டது. "சரி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவள் வருமுன் நாற்காலியை வலது பக்கம் இழுத்துப் போட்டேன். நீ என்னைப் பார்த்தாய்.

"எப்பம் வந்தே மக்கா?"

இரண்டு மாதமாக அங்கேதான் இருந்தேன், அம்மா.

ஷீபாக்கா வந்து பார்த்தாள். "இப்பம் போய் இத செஞ்சியே" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. நான்காம் நாள் உனக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை.

இன்று பேருந்தில் பக்கத்தில் இடம் கொடுத்தாள். அதியன்னூரில் புது நோயாளியாம், அங்கே போகிறாளாம். கொஞ்சம் மெலிந்திருந்தாள். மனதில் கிடந்ததைக் கேட்டே விட்டேன்.

"அன்னைக்கு எனக்க நாற்காலியில நீங்க தானே இருந்தீங்க?"

"நானா? நான் வலது பக்கம் நின்னு நகம் வெட்டிட்டிருந்தேன். நாற்காலி சும்மா கெடந்து. அம்மை அதத் திரும்பிப் பாத்து, 'அவ எங்க'ன்னு கேட்டா." பிறகு சிரித்தாள். "எனக்காட்டு திரும்ப அம்மைக்கு என்ன தேவை? நான் தான் எப்பவும் கண்ணுக்கு முன்ன நிக்கேனே. உனக்காட்டுன்னா திரும்புவா. அதுக்காக்கும் உன்ன அங்க இருத்துனது."

வேண்டியது கிடைத்துவிட்டது என்று நீ நினைப்பாய். இல்லை. என்னைத் தேடித்தான் திரும்பினாய், ஆனால் அந்த முகத்தைப் பார்த்தவள் அவள். அது அவளிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது, "எப்பம் வந்தே" மட்டும்.

நான் நெய்யாற்றின்கரையில் இறங்க வேண்டியவள். இறங்கவில்லை. அதியன்னூரில் அவளோடு இறங்கி, நீ எப்படித் திரும்பினாய் என்று காட்டச் சொன்னேன். நிறுத்தத்தில் ஆட்கள் பார்க்க, அவள் தோள்பையை இறக்கி வைத்துவிட்டு, மெதுவாகத் தலையைத் திருப்பிக் காட்டினாள். இன்னொரு முறை காட்டச் சொன்னேன்.