சுத்தம் செய்த வித்து

மார்ச் 3
காளான் வளர்க்க விதையாகப் போடும் தாய் வித்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். காளான் இழைக்குள்ளே பாக்டீரியா. வெளியே ஒட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, உள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. இத்தனை வருடமாக இதையா வைக்கோல் பைகளில் போட்டோம்? அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. நன்றாகத்தானே முளைக்கிறது, விடு என்கிறாள். வளர்ப்பு அறை அவளுடையது, வித்து அறை என்னுடையது. நான் விடமாட்டேன்.

மார்ச் 29
ஆன்டிபயாடிக் போட்டு மூன்று முறை மாற்றி வளர்த்தேன். இப்போது ஒரு பாக்டீரியாகூட இல்லை. பழைய வித்துக் குழாய்களை எல்லாம் குக்கரில் வேகவைத்துக் கொட்டிவிட்டேன். நிம்மதி.

மே 4
புது வித்து போட்ட பைகள் முன்னைவிடச் சீக்கிரம் இழை பரவி வெளுத்துவிட்டன. அக்காவிடம் கொஞ்சம் பீற்றிக்கொண்டேன்.

மே 15
ஒரு மொட்டுகூட இல்லை.

மே 19
இன்னும் இல்லை. அக்கா தண்ணீர் தெளிக்கிறாள், ஜன்னலைத் திறக்கிறாள், மூடுகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. வித்து சுத்தம், உன் கைதான் சுத்தமில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன்டி சொன்னே என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவள் கத்தவே இல்லை. வளர்ப்பு அறைச் சாவியை மேஜையில் வைத்தாள்.

"ரெண்டு அறையையும் இனி நீயே பாத்துக்கோ."

மே 22
அக்கா வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

மே 24
வீணாய்ப் போன பைகளைக் கொட்டக் கொல்லைப்பக்கம் போனேன். குப்பைமேட்டில், பிப்ரவரியில் அக்கா எறிந்த, பழைய வித்துப் போட்ட பை ஒன்று. வெயிலில் கிழிந்து கிடக்கிறது, தண்ணீர் தெளிக்க ஆளில்லை, அதில் கொத்தாகக் காளான்! ஒன்றைப் பிய்த்து வந்து பார்த்தேன். இழைக்குள் அதே பாக்டீரியா, அசைந்துகொண்டு. இதுவும் என் புது வித்தும் ஒரே காளான்தான். பாக்டீரியாவை நான் துரத்தியது மட்டும்தான் வித்தியாசம். அது உள்ளே இருந்தால்தான் மொட்டே விடும் போல. அழுக்கு என்று நினைத்தேனே...

அதன் சதையிலிருந்து புது வித்து எடுத்தேன். இம்முறை எந்த மருந்தும் இல்லை.

மே 25
அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். சாவியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 30
புது வித்தைப் பைகளில் நான் தனியாகவே போட்டேன். மாற்றுச் சாவியால் வளர்ப்பு அறையைத் திறந்து வரிசையாக அடுக்கினேன்.

ஜூலை 24
காலையில் வித்து அறைக் கதவைத் தட்டும் சத்தம். அக்கா. இரண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினாள்.

"கழுவிட்டுத்தான் வந்திருக்கேன். மூணாவது வரிசையில மொட்டு விட்டிருக்கு, வா."

வளர்ப்பு அறை திறந்திருந்தது. சாவி அவள் இடுப்பில் தொங்கியது.