வளைகோட்டுக்குக் கீழே எத்தனை கிராம்

பம்பாய்
4.8.1991

அன்புள்ள ஷரீபு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் சுகம்.

பிளஸ் டூ பரீட்சைக்கு நீ போட்டு அனுப்பிய, வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பைக் காணும் தொகையீட்டுக் கணக்குகளைப் பார்த்தேன். x²-க்கு 0 முதல் 2 வரை விடை 8/3. நீ 2.67 என்கிறாய். சைன் வளைகோட்டின் ஒரு வளைவுக்கு விடை 2. நீ 1.99 என்கிறாய். வழிமுறை ஒரு வரிகூட இல்லை. தெரியாதவள் போட்டால் விடை எங்கேயோ போய் விழும், இப்படிப் பக்கத்தில் வந்து நிற்காது. யாரோ விடையைச் சொல்லி, சந்தேகம் வராதபடி கொஞ்சம் மாற்றி எழுதவும் சொல்லியிருக்கிறார்கள். பி.எஸ்சி. கணிதம் படித்தவனிடமேவா? நிக்காஹ்வுக்குப் பிறகும் நீ படிக்கச் சம்மதித்தவன் நான்தான், நிறுத்தவும் எனக்குத் தெரியும். யாரென்று எழுது.

கைருதீன்


திருப்பூர்
11.8.1991

மச்சானுக்கு ஸலாம்.

உங்க கடுதாசியைப் படிச்சு ரெண்டு நாளாச் சோறு எறங்கலீங்க. யாரும் சொல்லித் தரலீங்க. நான் பனியன் கம்பெனியில துணி செக்கிங்தானே பார்க்கறேன்? பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டித் தராசுல வச்சா 1.8 கிராம். அதை ஒண்ணுன்னு வச்சுக்கிட்டேன். அதே அளவுல வளைகோட்டைத் துணியில வரைஞ்சு, அதுக்குக் கீழ இருக்கறதை வெட்டி எடை போட்டேன். 4.8 கிராம். வகுத்தா 2.67. பனியன் துணி இழுபடும், சைனுக்குக் கொஞ்சம் குறைஞ்சது அதனாலதானுங்க. கழிவுத் துணிதான், ஆனாலும் கம்பெனியில தெரிஞ்சா திட்டுவாங்கன்னு சொல்லல.

இன்னொண்ணுங்க. x, x², x³ மூணையும் 2 வரைக்கும் எடை போட்டேன். 2, 2.67, 4 வந்துச்சு. நாலை ரெண்டாலயும், எட்டை மூணாலயும், பதினாறை நாலாலயும் வகுத்தாப்பல இருக்கு. அடுக்குல ஒண்ணைக் கூட்டி, அந்தப் புது அடுக்காலயே வகுக்கறதுதானுங்களா வழிமுறை? என் புத்தகத்துல அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சு. எனக்கு அன்னைக்கு அத்தனை சந்தோசம். சரியான்னு மட்டும் சொல்லுங்க.

ஷரீபு


பம்பாய்
2.9.1991

ஷரீபு,

கதை நன்றாகத்தான் இருந்தது. அதனால் உன் சூப்பர்வைசர் மீரா சாகிப்புக்கு எழுதி, உன் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று கேட்டேன். பதில் வருமுன் நானும் இங்கே ஆபீசில் சாம்பிள் துணியை வெட்டிப் பார்த்தேன். மூன்று தடவை. 2.65, 2.68, 2.67.

உன் விதியும் சரி. கல்லூரியில் நான் மனப்பாடம் செய்ததை நீ கத்திரிக்கோலால் கண்டுபிடித்திருக்கிறாய். வெட்கமாக இருக்கிறது. மீரா சாகிப் கேட்டால், என் வீட்டுக்காரர் விளையாட்டுக்கு எழுதினார் என்று சொல்லிவிடு. அடுத்த கணக்குகளை அனுப்பு.

உன் கைருதீன்


காங்கேயம்
15.9.1991

மச்சானுக்கு ஸலாம்.

மீரா சாகிப் உங்க கடுதாசியை எல்லார் முன்னாலயும் படிச்சாருங்க. யார் கூட உட்கார்றேன்னு கேட்டார். ஆறு வருசமாப் பாண்டியம்மா கூடத்தானுங்கன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, பாண்டியம்மா மட்டும் அழுதா. அன்னைக்கே வேலையை விட்டுட்டு அம்மா ஊட்டுக்கு வந்துட்டேன்.

துணியை மூணு தடவை எடை போட்டீங்க. நான் எழுதினதை ஒரு தடவை நம்பியிருக்கலாமுங்க.

விதி சரின்னு சொன்னதுக்கு நன்றி. மிச்சக் கணக்கை நானே போட்டுக்குவேன், உங்களுக்கு இனி வராது. பரீட்சைக்கு மனு இந்த விலாசத்துல இருந்துதான் போட்டிருக்கேன். கோபம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்.

இங்கயும் யாருக்காச்சும் எழுதி விசாரிக்காதீங்க. என்னைப் பத்தி ஏதாச்சும் தெரியணும்னா எனக்கே எழுதுங்க. பதில் போடறதா வேண்டாமான்னு அப்ப யோசிக்கறேன்.

ஷரீபுன்னிசா