சினை நண்டு

நைனா பாதங்களுக்கு மாசிலாமணியின் கும்பிடு. பத்தாவியாவில் நான் சுகம். அம்மாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே ஒல்லாந்தரின் கல்விச் சங்கத்தில் ஒரு துரை நட்சத்திரம் பார்க்கிறார், இன்னொருவர் மீன், நண்டுகளை ஆராய்கிறார். அவருக்குச் செத்த மீனை அறுத்துக் கொடுப்பது என் வேலை. நேற்று உயிரோடு ஒரு சினை நண்டைக் கொடுத்து அறுக்கச் சொன்னார். நான் அதைக் கடலில் விட்டுவிட்டேன்.

"பொஞ்சாதி எல்லம்மா புள்ளத்தாச்சியா கீறா, தொரை. நான் எப்டி அறுப்பேன்?" என்றேன்.

நட்சத்திரத் துரை விரல்விட்டு எண்ணினார். "நீ கப்பலேறிப் பதினாறு மாதமாயிற்றே! எப்போதோ பிறந்திருக்குமே!" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது சீசா கழுவுகிறேன். கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். கூடவே, இத்தனை மாதமும் வராத ஒரு வரி. ஆணா பெண்ணா என்றுகூட வேண்டாம், நைனா. எல்லம்மா இருக்கிறாள் என்று மட்டும் எழுதுங்கள். கப்பல்காரன் அவசரப்படுத்துகிறான்.