ஒருவரும் சாகாத புத்தகம்

இன்றைக்குக் காலையில் கோதுமைமாப் பசை கிண்டி, பழைய கலண்டரில் இருந்த பிள்ளையார் படத் தாளால் ஒரு புத்தகத்துக்கு உறை போட்டேன். அந்தப் பசை மணம் மூக்கில் ஏறியதும் வேறு வேலை ஓடவில்லை. தையல் மெஷினில் பாதி தைத்த சட்டை அப்படியே கிடக்கிறது. இது உன்னுடைய மணம். இதோடு கொஞ்சம் டெற்றோலும் கலந்திருந்தால் நீயே வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்திருப்பாய்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த அந்த வருஷம் விசுவமடு வாசிகசாலைக்கு வவுனியாவிலிருந்து புத்தகங்கள் வரத் தொடங்கின. நான் ஆசையோடு போய் ஒவ்வொன்றாக எடுத்துவந்து, ஒவ்வொன்றாகப் பாதியில் மூடி வைத்தேன். அண்ணா செத்த பிறகு கதையிலேகூட ஒரு சாவைத் தாண்டிப்போக என்னால் முடியவில்லை. பெரியாட்கள் வாசிக்கும் புத்தகங்களிலோ யாராவது ஒருவர் செத்துக்கொண்டே இருந்தார். உன்னிடம் சொல்லி அழுதேன். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவளிடம் அழாமல் வேறு யாரிடம் அழுவது?

அடுத்த கிழமை நீ சைக்கிளில் வந்து மடியில் போட்டது ஒரு சிறுவர் புத்தகம். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"நான் என்ன பாலர் வகுப்போ?"

"எடியே, நான் நாள் முழுக்கப் பிள்ளைப்பேறு பாக்கிறன். ரத்தமும் குளறலும் எனக்குக் காணும். வீட்டை வந்தா எனக்கு முயல் வேணும், வாத்து வேணும். உனக்கும் அதுதான் வேணும், வாசி."

ஊருக்கே நீ மிஸ்ஸி, பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவிச்சி. கலியாணமாகாத இரண்டு குமர்கள் வாத்துக் கதை வாசிப்பதை ஊர் கண்டால் நமக்கு மூளை தட்டிவிட்டது என்று சொல்லிவிடும். அதனால்தான் கலண்டர் தாள் உறை. முருகனும் லட்சுமியும் நம்முடைய மானத்தைக் காப்பாற்றினார்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் முழுவதும் நீ முதலில் வாசிப்பாய். ஒருவரும் சாகவில்லை என்றால் மட்டும், எல்லோரும் தொடக்கத்தில் போடும் பிள்ளையார் சுழியை நீ கடைசிப் பக்கத்தில் பென்சிலால் போட்டுத் தருவாய். சுழியைப் பார்த்துவிட்டுத்தான் நான் முதல் பக்கத்தைத் திறப்பேன்.

கோயிலில் நடந்த கூத்தை நினைத்து இன்றைக்கும் தனியே சிரித்தேன். புராணப் படிப்புக் காலம்; ஒருவர் பாட்டை இராகத்தோடு படிக்க, பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பயன், அதாவது பொருள், சொல்லுவார். கோயில் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது என்று, படிக்கிற அண்ணர் எங்கள் வீட்டுப் பிரதியைக் கேட்டு வந்தார். அம்மாவின் புராணத்துக்கும் பிள்ளையார் உறை, நம்முடைய வாத்துக்கும் பிள்ளையார் உறை. அவர் வாத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மண்டபத்தில் கண்ணாடியைப் போட்டு, தொண்டையைச் செருமி, இராகத்தோடு இழுத்தார்: "தன் குளத்தைத் தொலைத்த வாத்து ஒன்று..." பக்கத்தில் பயன் சொல்லுகிறவர், பழக்கதோஷத்தில், "அதாவது, அந்த வாத்துக்குத் தான் இருந்த குளம் எங்கையெண்டு தெரியாமல் போச்சுது" என்று பொருளும் சொல்லிவிட்டார்.

சிரிப்பு வெடித்தது. எனக்குத் தூணுக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. அண்ணர் புத்தகத்தை மூடப் போனார். அப்போதுதான் பளையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அக்கா ஒருவர் கேட்டா: "பிறகு அது தன்ர குளத்தைக் கண்டதோ?"

சிரிப்பு நின்றுவிட்டது. மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஊரை விட்டுவிட்டு வந்தவர்கள். நீ பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பி, வெட்கமே இல்லாமல், "கண்டது அக்கா, நான் வாசிச்சனான்" என்றாய். "அப்ப மிச்சத்தையும் படியுங்கோவன்" என்றா அவா. படித்தார்கள், பயனும் சொன்னார்கள். அதன்பிறகு உறை தேவைப்படவில்லை, ஆனாலும் நீ போடுவதை நிறுத்தவில்லை. சுழி போட்ட புத்தகம் இருக்கா என்று கேட்டு உன் சைக்கிளை மறித்தவர்களில் அந்தப் பயன் சொல்லுகிறவரும் ஒருவர்.

பிறகு சண்டை திரும்பி வந்தது, நாங்கள் எல்லோரும் குளத்தைத் தொலைத்தோம். மூட்டை முடிச்சோடு கிழக்கே கிழக்கே நடந்த நாட்களில் உன்னுடைய மருந்துப் பையில் ஒரே ஒரு புத்தகம் இருந்தது. மழைக்கு வீடு மாறும் ஒரு கீரிக் குடும்பத்தின் கதை. தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்து எனக்காக முந்தி வாசித்துக்கொண்டிருந்தாய். எதுவரை வந்தாய் என்று கேட்டேன்.

"எல்லாரும் ஆத்தைக் கடந்திட்டினம். கடைக்குட்டி மட்டும் கரையில நிக்குது. நாளைக்குச் சொல்லுறன்."

மறுநாள் ஒரு பெண்ணுக்கு வயிற்றுக்குத்து என்று கூப்பிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு போனாய். தாயும் பிள்ளையும் சுகம் என்றுதான் வந்தவர்கள் முதலில் சொன்னார்கள். திரும்பி வரும் வழியில் விழுந்த எறிகணையைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு நேரமெடுத்தது. உன்னுடைய பையும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு புத்தகமும் வாசிக்கவில்லை. முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வர ஆளில்லாமல் எப்படி வாசிப்பது? உன்னை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கடைக்குட்டியும் கூடவே வந்து கரையில் நிற்கும். அது தப்பியதா என்று அறிய ஆசையாக இருக்கும். அறியப் பயமாகவும் இருக்கும்.

போன கிழமை கிளிநொச்சிக்குத் தையல் நூல் வாங்கப் போனேன். பழைய புத்தகம் விற்கிறவர் சாக்கில் பரப்பி வைத்திருந்த குவியலில் அதே கீரிகள். வாங்கி வந்து அலுமாரியில் வைத்துவிட்டு, அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். என்னோடு தைக்கிற பெட்டை நேற்று அதைக் கண்டுவிட்டாள். சண்டையில் காணாமல்போன தமையனைத் தேடிக்கொண்டிருக்கிற பிள்ளை. எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதில ஆரும் சாகினமோ?" என்று கேட்டாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. நாளைக்குச் சொல்லுறன் என்றேன்.

அதனால்தான் இன்று காலை பசை கிண்டினேன். உறை போட்டுவிட்டு முதலிலிருந்து வாசித்தேன். நீ நிறுத்திய இடம் வந்தது. அங்கே நீ இல்லையே என்று வாய்விட்டு அழுதேன். அழுது முடித்து, அந்தப் பெட்டைக்காகத் தாளைப் புரட்டினேன்.

கடைசிப் பக்கத்தில் சுழி போட்டிருக்கிறேன். உன்னுடையதைப்போல வடிவாக வரவில்லை. பின்னேரம் அவள் வருவாள், கொடுப்பேன். ஆனால் முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

கடைக்குட்டி கரையேறிவிட்டதடி. ஒருத்தரும் சாகேல்லை.