வௌவால் பூவைக் கொடுத்தவள்

1943 ஆகஸ்ட் 12, வியாழன். குளுவாங், மலாயா.

பூச்செடிகளைப் பிடுங்கி மரவள்ளி நடச் சொன்ன ஜப்பான் அதிகாரி இன்று தோட்டத்தைப் பார்க்க வந்தான். மரவள்ளி நிழலில் நான் ஒளித்து வளர்க்கும் வௌவால் பூ கண்ணில் பட்டுவிட்டது. கன்னங்கரிய, நீள மீசை தொங்கும் பூ. அறைவான் என்று நினைத்தேன். அவனோ குந்தி உட்கார்ந்து ரசித்தான். தன் ஊரில் தானும் தோட்டம் வைத்திருப்பதாக அரைகுறை மலாயில் சொன்னான். யார் கொடுத்தது என்று கேட்டான்.

கன்று தந்தவர் பெயரைச் சொல்லாமல் நான் எந்தப் பூவையும் காட்டியதில்லை. "பக்கத்து வீட்டு ஆ லியான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

"இது நடுக்காட்டில்தான் இருக்கும்" என்றான். சிரித்தபடியே அவள் பெயரை எழுதிக்கொண்டான்.

ஜப்பான்காரர்களை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோகும் அவள் தம்பிதான் அதைப் பிடுங்கி வந்தவன்.

ஓடிப்போய்ச் சொல்லக் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்தார். "போகாத. அங்க நின்னு பேசுறதப் பாத்தா நம்மளையும் எழுதிக்குவாங்க."

சாயங்காலம் வேலியோரம் ஆ லியான் கூப்பிட்டாள். நான் வெளியே போகவில்லை. புதுக் கன்று ஒன்றை வேலியடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வேரில் ஈரம் காயாத காட்டு மண்.

அப்படியென்றால் அவள் தம்பி காட்டிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறான். நான் இன்னும் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.